விடையோடு வரும் வினாத்தாள்

தேர்வுக்கு முதல் நாள் வினாத்தாள் வெளியானால் நம் ஊரில் மறியல் நடக்கும், மறுதேர்வு அறிவிப்பார்கள், யாராவது கைதாவார். அமெரிக்காவில் ஒரு தேர்வின் வினாத்தாளை அரசாங்கமே முன்கூட்டி வெளியிடுகிறது. விடைகளையும் சேர்த்தே அச்சிடுகிறது. காதில் கேட்டுப் படிக்க ஒலிப்பதிவும் கையில் வைத்துப் புரட்ட அட்டைகளும் கூடவே கிடைக்கும். குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும் வெளிநாட்டவருக்கான குடிமைத் தேர்வு அது. 2008 முதல் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த பட்டியலில் 100 கேள்விகள். நேர்காணல் நடத்தும் அதிகாரி அவற்றிலிருந்து 10 வரை வாய்மொழியாகக் கேட்பார். 6 சரியாகச் சொன்னால் தேர்ச்சி. ஆறாவது சரியான விடை வந்ததும் கேட்பதை நிறுத்திவிடுவார்.

பட்டியலைப் புரட்டினால் அதன் தாராள மனம் தெரியும். சுதந்திர தேவி சிலை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு நியூயார்க் துறைமுகம், லிபர்ட்டி தீவு என்பவை விடைகள். நியூ ஜெர்சி என்றாலும், நியூயார்க் நகருக்கு அருகில் என்றாலும், ஹட்சன் ஆற்றில் என்றாலும் சரி என்று பட்டியலே குறிப்பு எழுதியிருக்கிறது. அரசியல் சட்டத்தை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளின் ஆசிரியர்களில் ஒருவர் பெயரைக் கேட்டால் மேடிசன், ஹாமில்டன், ஜான் ஜே ஆகியோரில் யாரையும் சொல்லலாம். மூவரும் பொதுவாக வைத்துக்கொண்ட பப்ளியஸ் என்ற புனைபெயரைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் மாநில செனட்டர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், தலைநகர் வாஷிங்டனில் குடியிருப்பவர் ‘எங்கள் ஊருக்கு செனட்டர் கிடையாது’ என்று சொல்ல வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. தன் தலைநகர மக்களுக்கு செனட்டில் இடம் தராத நாடு, அதை நேர்மையாக ஒப்புக்கொள்ளும் இடங்களில் இந்த விடைத்தாளும் ஒன்று.

மனப்பாடத் தேர்வு என்று இதைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. எனக்கோ அந்தப் பட்டியல் கேள்விகளால் முக்கியமாகப் படவில்லை. அது திறந்து கிடக்கிறதே, அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த நிலைக்கு வந்துசேர அதற்கு இரண்டு நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன.

1790-இல் அமெரிக்கா இயற்றிய முதல் குடியுரிமைச் சட்டத்தில் தேர்வே இல்லை. இரண்டு ஆண்டு வசிப்பு, நல்ல நடத்தை, ஏதாவது ஒரு நீதிமன்றத்தில் உறுதிமொழி. அவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை எல்லாத் தேர்வையும்விடக் கடுமையானது: விண்ணப்பதாரர் ‘சுதந்திரமான வெள்ளையராக’ இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு வசிப்பு என்ற இன்றைய விதி 1795-இல் வந்தது. நிற நிபந்தனை அதற்குப் பிறகும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஏதோ ஒரு வடிவில் நீடித்தது.

குடியுரிமை வழங்கும் அதிகாரம் நாடெங்கும் சிதறிக் கிடந்த நீதிமன்றங்களிடம் இருந்தது. 5,000-க்கும் மேற்பட்ட நீதிமன்றங்கள் ஆளுக்கொரு முறையில், ஆளுக்கொரு படிவத்தில் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு நீதிபதி அரசியல் சட்டத்தைப் பற்றிக் குடைவார், அடுத்த ஊர் நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். 1868 தேர்தலுக்கு முன் நியூயார்க்கில் டாமனி ஹால் என்ற அரசியல் இயந்திரம், வந்திறங்கிய அயர்லாந்துக்காரர்களை ஆயிரக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அழைத்துப்போய்க் குடிமக்களாக்கி அப்படியே வாக்குச்சாவடிக்கு அனுப்பியது. நம் ஊரில் தேர்தல் நேரத்தில் வாக்காளர் பட்டியல் திடீரென்று கொழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கூத்தை விசாரிக்க தியடோர் ரூஸ்வெல்ட் 1905-இல் ஒரு குழு போட்டார். மறு ஆண்டு ஜூன் 29 அன்று புதிய சட்டம் வந்தது. படிவம் நாடு முழுவதும் ஒன்றானது. மத்திய அரசில் இதற்கென்று ஓர் அலுவலகம் உருவானது. விண்ணப்பதாரர் ஆங்கிலம் பேச வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் முதல்முறையாக நுழைந்தது. முடிவு சொல்லும் இடத்தில் இன்னும் நீதிபதியே இருந்தார். அவர் என்ன கேட்பார் என்பது அவருக்கே நீதிமன்றத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

கேள்வி தெரியாத தேர்வுக்குப் பாடம் நடத்த ஒரு பெரிய தொழிலே முளைத்தது. இரவுப் பள்ளிகள், தேவாலய வகுப்புகள், தொழிற்சாலை வகுப்புகள். 1914-இல் ஹென்றி ஃபோர்டு தன் கார் தொழிலாளர்களுக்கு ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். அதன் பட்டமளிப்பு விழாவைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்குச் சிரிப்பும் சங்கடமும் சேர்ந்தே வரும். மேடையில் பிரம்மாண்டமான அண்டா ஒன்று. தொழிலாளர்கள் தத்தம் நாட்டு உடையில், மூட்டையோடு ஒரு பக்கம் ஏறி அதற்குள் இறங்குவார்கள். ஆசிரியர்கள் நீண்ட கரண்டிகளால் கிளறுவார்கள். சற்று நேரத்தில் அதே ஆட்கள் கோட்டு சூட்டு போட்டு, கையில் அமெரிக்கக் கொடியை ஆட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். 1918-இல் மத்திய குடியுரிமை அலுவலகம் தானே ஒரு பாடநூல் வெளியிட்டது. அதையும் வரப்போகும் கேள்விகளின் பட்டியல் என்று சொல்ல முடியாது.

எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்தும் பயனில்லாதவர்கள் இருந்தார்கள். பஞ்சாபிலிருந்து போன பகத் சிங் திண்ட் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். 1923-இல் உச்ச நீதிமன்றம், சாதாரண மனிதனின் புரிதல்படி அவர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடிமகனாக முடியாது என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த மற்ற இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 1946 ஜூலையில் வந்த லூஸ்–செல்லர் சட்டத்தால்தான். அந்தக் கதவு வழியாகப் போனவர்களில் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. மெட்ராஸ் மாநிலக் கல்லூரி மாணவராக இருந்து, விஸ்கான்சினில் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1953-இல் அமெரிக்கக் குடிமகனானார். ஊரில் இருந்த அவருடைய தந்தைக்கு அது பிடிக்கவில்லை.

பட்டியல் பிறப்பதற்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்பதற்கு, தர்க்கவியல் மேதை கர்ட் கோடெலின் விசாரணையைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆஸ்திரியாவிலிருந்து வந்து பிரின்ஸ்டனில் குடியேறியிருந்தார் கோடெல். 1947 டிசம்பரில் நியூ ஜெர்சியின் தலைநகர் ட்ரென்டனில் அவருக்கு விசாரணை. சாட்சிகளாகக் கூடப் போனவர்கள் இருவர்: ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன். நடந்ததை மார்கன்ஸ்டர்ன் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

கோடெல் எதையும் அரைகுறையாகச் செய்யும் ஆளில்லை. என்ன கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் படிக்கலானார். வட அமெரிக்காவில் மனிதர்கள் குடியேறிய வரலாற்றில் தொடங்கினார். பூர்வகுடிகள், அவர்களின் குலங்கள் என்று போனார். பிறகு பிரின்ஸ்டன் ஊர் நிர்வாகம்: நகர எல்லை எது, நகர மன்றத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், மேயர் எப்படி வருகிறார். இதெல்லாம் கேட்க மாட்டார்கள், இது வெறும் சம்பிரதாயம் என்று மார்கன்ஸ்டர்ன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கோடெல் கேட்கவில்லை. கடைசியில் அரசியல் சட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். சில நாளில் பதறிப்போய் நண்பரிடம் வந்தார். இந்தச் சட்டத்துக்குள்ளேயே ஓர் ஓட்டை இருக்கிறது, ஒரு விதியையும் மீறாமல் இந்த நாட்டைச் சர்வாதிகாரமாக மாற்றிவிடலாம் என்றார். நண்பர்கள் இருவரும் கலங்கிப்போனார்கள். விசாரணையில் இதை மட்டும் எடுத்துவிடாதே என்று கெஞ்சினார்கள்.

ட்ரென்டன் போகும் வழியில் காரில் ஐன்ஸ்டைன் பின்பக்கம் திரும்பி, தேர்வுக்கு நன்றாகத் தயாராகியிருக்கிறாயா என்று வேண்டுமென்றே சீண்டினாராம். நீதிபதி ஃபிலிப் ஃபோர்மன். 1940-இல் ஐன்ஸ்டைனுக்கு உறுதிமொழி செய்துவைத்தவரும் அவரே. மூவரையும் ஒன்றாக உள்ளே அழைத்து உட்கார வைத்தார். எங்கிருந்து வருகிறீர்கள், அங்கே என்ன மாதிரி அரசாங்கம் என்று கோடெலிடம் சாதாரணமாகக் கேட்டார். குடியரசாகத்தான் இருந்தது, ஆனால் அதன் சட்டம் இடம் கொடுத்ததால் சர்வாதிகாரமாக மாறிவிட்டது என்றார் கோடெல். பாவம், இந்த நாட்டில் அப்படி நடக்காது என்றார் நீதிபதி. நடக்கும், என்னால் நிரூபிக்க முடியும் என்றார் கோடெல். கேட்கக் கூடாத ஒரே கேள்வியில் போய் நீதிபதி விழுந்துவிட்டார். நல்லவேளை, அவர் அனுபவசாலி. அதற்குள் போக வேண்டாம் என்று பேச்சை மாற்றினார். அடுத்த ஏப்ரலில் கோடெல் அமெரிக்கர் ஆனார்.

இந்தக் கதையை மேதையின் அசட்டுத்தனம் என்று சொல்லி எல்லோரும் ரசிக்கிறார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. இடமும் வலமும் ஐன்ஸ்டைனும் மார்கன்ஸ்டர்னும் இல்லாத ஒருவர், ஒரு தையல்காரரோ சுரங்கத் தொழிலாளியோ, அதே பதிலை முன்பின் தெரியாத நீதிபதியிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாடத்திட்டம் இல்லாத தேர்வில் தேர்வாளரின் குணமே பாடத்திட்டம்.

கோடெல் உறுதிமொழி எடுத்த இரண்டே ஆண்டில், வரலாறும் அரசாங்க அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட சட்டமானது. 1950-இன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அது. கம்யூனிஸ்ட் அச்சம் தலைக்கேறியிருந்த நேரம். ட்ரூமன் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்திப் பார்த்தார், நாடாளுமன்றம் அதையும் மீறி நிறைவேற்றியது. ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் பேசவும் வேண்டும், நாட்டின் வரலாறு, ஆட்சி முறை ஆகியவற்றின் அடிப்படைகள் தெரிய வேண்டும். 1952-இன் குடிவரவுச் சட்டம் இந்த நிபந்தனையை அப்படியே எடுத்துக்கொண்டது. அதே சட்டம் இன நிபந்தனையை ஒழித்தது. நிறம் பார்த்த வாசலில் இப்போது கேள்வி நின்றது.

அதே ஆண்டுகளில் தெற்கு மாநிலங்களில் இன்னொரு தேர்வு நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பட்டியலின் கதை முழுமையாகாது. பிறப்பால் குடிமக்களான கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிய வந்தால் அவர்களுக்கு எழுத்தறிவுத் தேர்வு. மிசிசிப்பியில் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்து விளக்கம் எழுத வேண்டும். எந்தப் பிரிவு என்று பதிவாளர் சொல்வார். வெள்ளையருக்கு இரண்டு வரிப் பிரிவு வரும், கறுப்பருக்கு வக்கீல்களே திணறும் பிரிவு வரும். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவரும் அவர்தான். லூசியானாவில் 1964-இல் புழங்கிய ஒரு வினாத்தாளில் வட்டம் போடு, கோடு இழு என்ற வகையில் ஒன்றுக்கு இரண்டு அர்த்தம் தரும் புதிர்கள். அலபாமாவில் டஸ்கிகீ கல்லூரிப் பேராசிரியர்களே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். படிக்காதவரை வடிகட்டுவது அந்தத் தேர்வின் வேலையாக இருந்ததில்லை, படித்தவரைத் தோற்கடிப்பதுதான் வேலை. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அது ஒடுங்கியது.

இரண்டும் அரசியல் சட்டத்தைப் பற்றிக் கேட்டவைதான். ஒன்றில் கேள்வியும் விடையும் பதிவாளரின் சட்டைப் பையில் இருந்தன. இன்னொன்றில் அவை மெல்ல மெல்ல வெளியே வந்தன.

வெளியே வந்ததற்கு ஒரு நடைமுறை நெருக்கடி காரணம். 1986-இல் ரீகன் கையெழுத்திட்ட குடிவரவுச் சீர்திருத்தச் சட்டம், ஆவணமின்றி வாழ்ந்துவந்த ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டப்படி தங்க வழி செய்தது. அவர்களில் பெரும்பாலோர் நிரந்தர வசிப்புரிமை பெற ஆங்கிலமும் குடிமை அறிவும் காட்ட வேண்டும், அல்லது வகுப்பில் சேர வேண்டும். இத்தனை பேருக்கு யார் பாடம் நடத்துவது, எதை நடத்துவது? குடிவரவுத் துறை பாடநூல்களோடு 100 கேள்விகளையும் விடைகளையும் அச்சிட்டு வெளியிட்டது. நமக்குத் தெரிந்த பட்டியலின் பிறப்பு இதுதான். தத்துவத்தில் பிறந்த குழந்தை இல்லை, கூட்ட நெரிசலில் பிறந்தது. 1990-இல் இன்னொரு சட்டம் குடியுரிமை முடிவை நீதிமன்றத்திடமிருந்து குடிவரவுத் துறைக்கே மாற்றிக் கொடுத்தது. நீதிபதி பெரும்பாலும் உறுதிமொழி விழாவோடு நின்றுகொண்டார்.

முதல் பட்டியலில் சில கேள்விகள் வேடிக்கையானவை. கொடியில் என்னென்ன நிறங்கள்? நட்சத்திரங்கள் எத்தனை? குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தின் பெயர் என்ன? அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருப்பவரிடம்தான் இந்தக் கேள்வி! விடை என்-400. தேர்வு என்று பெயர் இருந்தாலும், எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பதைப் பொறுத்து கேள்விகளும் கடுமையும் வேறுபட்டன. தொலைக்காட்சிக்காரர்களும் விடவில்லை. 1996-இல் ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதியில், கடைக்கார இந்தியரான அப்பு குடியுரிமைத் தேர்வுக்கு வருகிறார். உள்நாட்டுப் போருக்கு என்ன காரணம் என்று கேட்கிறார் அதிகாரி. அப்பு பொருளாதாரம், சமூகம் என்று பல காரணங்களை விரிக்க ஆரம்பிக்க, அடிமைமுறை என்று மட்டும் சொல்லுங்கள் போதும் என்று அதிகாரி வாயை அடைக்கிறார். பட்டியலின் பலமும் பலவீனமும் அந்த அரை நிமிடக் காட்சியில் அடங்கிவிட்டன.

2007-இல் 10 நகரங்களில் ஆயிரக்கணக்கான தன்னார்வ விண்ணப்பதாரர்களிடம் சோதித்துப் பார்த்து, 2008 அக்டோபர் 1 அன்று திருத்திய பட்டியல் வந்தது. கொடியின் நிறம் போனது. கொடியில் ஏன் 13 கோடுகள் என்ற கேள்வி இருந்தது. பூர்வகுடி இனம் ஒன்றின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். பெண்ணுரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆன்டனி என்ன செய்தார் என்று கேட்டார்கள். உள்நாட்டுப் போருக்கு இட்டுச் சென்ற பிரச்சினை ஒன்றைக் கேட்கும் கேள்விக்கு அடிமைமுறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமைகள் மூன்றுமே சரியான விடைகள். கடைசி விடை வரலாற்றாசிரியர்களுக்கு ஆகாது. எதற்கான மாநில உரிமை, அடிமை வைத்துக்கொள்ளும் உரிமைதானே என்பார்கள். நியாயமான கேள்வி. பட்டியல் அந்தச் சண்டையில் யார் பக்கமும் சேராமல் மூன்று விடைகளையும் வரிசையாக எழுதிவிட்டு நகர்ந்துவிட்டது.

இந்தப் பட்டியல் வெளிநாட்டவரைச் சோதிக்கப் பிறந்தது. சீக்கிரமே உள்ளூர்க்காரர்களைச் சோதிக்கும் கருவியாகிவிட்டது. 2011-இல் நியூஸ்வீக் பத்திரிகை 1,000 அமெரிக்கர்களிடம் இதே தேர்வை நடத்தியது. 38 விழுக்காட்டினர் தோல்வி. 2018-இல் உட்ரோ வில்சன் அறக்கட்டளை நடத்திய ஆய்வில் நிலைமை இன்னும் மோசம்: 36 விழுக்காட்டினர் மட்டுமே தேர்ச்சி. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மின்விளக்கைக் கண்டுபிடித்தார் என்று நினைத்தவர்கள் 37 விழுக்காடு. பனிப்போருக்குக் காரணம் பருவநிலை மாற்றம் என்று சொன்னவர்கள் 2 விழுக்காடு. (அவர்கள் கேள்வியை நிஜமாகவே படித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.) 65 வயதைத் தாண்டியவர்களில் 74 விழுக்காட்டினர் தேறினார்கள், 45 வயதுக்குக் கீழே 19 விழுக்காடுதான். மறு ஆண்டு மாநிலவாரியாக எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் தேறிய ஒரே மாநிலம் வெர்மான்ட். நேர்காணலுக்கு வரும் வெளிநாட்டவரிலோ பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தேறிவிடுகிறார்கள்.

தலைப்புச் செய்திக்கு இதைவிடத் தோதான சரக்கு உண்டா? ஒப்பீடுதான் நொண்டுகிறது. வெளிநாட்டவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படித்துவிட்டு, கட்டணம் கட்டி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். உள்ளூர்க்காரரை அவருடைய அலுவல்களுக்கு நடுவே பிடித்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கேட்கிறார்கள். ஒரே பட்டியலை வைத்து நடத்திய இரண்டு ஆய்வுகளில் ஒன்று 38 விழுக்காட்டினர் தோல்வி என்கிறது, மற்றது 64 விழுக்காட்டினர் தோல்வி என்கிறது. ஏழு ஆண்டில் நாடு அவ்வளவு முட்டாளாகிவிட்டதா? எந்தக் கேள்விகளைப் பொறுக்கினார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து மக்களின் அறிவு கூடும், குறையும்.

முதியவர்களின் 74 விழுக்காட்டைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்துப் படிப்பு போல வருமா என்று பெருமூச்சு விடுபவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 1915–16-இல் டெக்சஸ் மாணவர்கள் 1,500 பேரிடம் பெல், மெக்கொல்லம் என்ற இரு ஆய்வாளர்கள் வரலாற்றுத் தேர்வு வைத்தார்கள். 1492 என்றால் தெரிந்தது, 1776 என்றால் பலருக்குத் தெரியவில்லை. சுதந்திரப் பிரகடனம் எழுதிய தாமஸ் ஜெஃபர்சனையும், அடிமைமுறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸையும் ஒருவராக்கிவிட்டார்கள். 1943 ஏப்ரலில், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, நியூயார்க் டைம்ஸ் 36 கல்லூரிகளின் 7,000 முதலாண்டு மாணவர்களைச் சோதித்தது. ஆதியில் இருந்த 13 குடியேற்றங்களின் பெயர்களையும் சொல்ல முடிந்தவர்கள் 6 விழுக்காடு. உள்நாட்டுப் போரின்போது லிங்கன் அதிபராக இருந்தார் என்பதே கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை. ஹிட்லரைத் தோற்கடித்த தலைமுறை என்று இன்று கோயில் கட்டாத குறையாகக் கொண்டாடப்படுபவர்கள் இவர்கள்தான். நாட்டைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்த பிள்ளைகள் அந்த நாட்டுக்காகச் சாகவும் போனார்கள். நாட்டைப் பற்றிய தகவலுக்கும் நாட்டின் மீதான பிடிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இந்தப் பட்டியலை எழுதியவர்களும் சொன்னதில்லை, அதை வைத்து ஆய்வு நடத்தியவர்களும் சொன்னதில்லை.

இருந்தாலும் தலைப்புச் செய்திகளுக்குப் பலன் இருந்தது. 2015 ஜனவரியில் அரிசோனா ஒரு சட்டம் போட்டது: உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டுமானால் குடியுரிமைத் தேர்வின் 100 கேள்விகளில் 60-க்குச் சரியாக விடையளிக்க வேண்டும். வேறு மாநிலங்களும் பின்னால் வந்தன. நாட்டுக்கு வெளியே பிறந்தவருக்காக அச்சிட்ட தாள், நாட்டுக்குள் பிறந்த பிள்ளையின் புத்தகப் பைக்குள் போய்விட்டது. அங்கும் அது முன்கூட்டி வெளியான வினாத்தாளாகவே போனது என்பதுதான் ஆறுதல். (இந்தியாவில் குடியுரிமை கேட்பவருக்கு இப்படி ஒரு குடிமைத் தேர்வே கிடையாது. எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றில் போதிய தேர்ச்சி வேண்டும் என்கிறது 1955-இன் சட்டம். தமிழ் தெரிந்தால் அந்த நிபந்தனை தீர்ந்தது.)

பட்டியலை அதன் போக்கில் விட்டிருந்தால் இன்னும் 20 ஆண்டு ஓடியிருக்கும். டிரம்ப்பின் முதல் ஆட்சிக் கடைசியில், 2020 டிசம்பர் 1 முதல், அது மாற்றப்பட்டது. 100 கேள்விகள் 128 ஆயின. 10 கேட்ட இடத்தில் 20, தேர்ச்சிக்கு 12. பன்னிரண்டு சரியாக வந்துவிட்டாலும் அதிகாரி இருபதையும் கேட்டு முடிக்க வேண்டும். எந்தக் கடல் எந்தக் கரையில் என்ற பூகோளக் கேள்விகள் போயின. வியட்நாம் போரில் அமெரிக்கா ஏன் இறங்கியது என்பது போன்ற கேள்விகள் வந்தன. கம்யூனிசம் பரவாமல் தடுக்க என்று சொல்ல வேண்டும்.

பலரும் பிடித்துக்கொண்டது ஒரு சின்ன மாற்றத்தை. செனட்டர் யாருக்குப் பிரதிநிதி? 2008 பட்டியலில் விடை, மாநிலத்தின் மக்கள் அனைவருக்கும். 2020-இல், மாநிலத்தின் குடிமக்களுக்கு. யோசித்துப் பாருங்கள், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எதிரே உட்கார்ந்திருப்பவர் இன்னும் குடிமகன் ஆகவில்லை. வரி கட்டுகிறார், பிள்ளையை அங்கே பள்ளிக்கு அனுப்புகிறார், குறைந்தது ஐந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்கிறார். பழைய விடையில் அவர் இருந்தார். புதிய விடையில் இல்லை. நாடாளுமன்ற இடங்களைப் பங்கிட எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கில் குடிமக்கள் மட்டுமின்றி எல்லோரையும் எண்ண வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சட்டம். ஆகவே பழைய விடையே சட்டத்துக்கு நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன். விடைகளை அச்சிட்டுப் பொதுவில் வைத்திருந்ததால்தான் இந்த மாற்றம் மறுநாளே எல்லோர் கண்ணிலும் பட்டது.

பைடன் வந்ததும் 2021 மார்ச்சில் 2008 பட்டியலே திரும்பி வந்தது. டிரம்ப் மறுபடி வந்ததும் 2025-இல் 128 கேள்விகளும் 20-க்கு 12-உம் மறுபடி வந்தன. இந்த முறை ஒரு சலுகை: 12 சரியானாலோ 9 தவறானாலோ அத்தோடு அதிகாரி நிறுத்திக்கொள்ளலாம். 2025 அக்டோபர் 20-க்கு முன் விண்ணப்பித்தவருக்கு 100 கேள்விப் பட்டியல், அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவருக்கு 128.

எனவே நியூ ஜெர்சியின் எடிசனிலோ கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டிலோ ஒரே வீட்டில் இன்று மூன்று விதமான பாடம் நடக்கலாம். முந்திக்கொண்ட கணவர் நூறைப் படிப்பார், சில வாரம் தள்ளிப்போட்ட மனைவி நூற்றிருபத்தெட்டைப் படிப்பார். 65 வயதைக் கடந்து, கிரீன் கார்டோடு 20 ஆண்டு அங்கே கழித்துவிட்ட பாட்டிக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகள் போதும். அதிலிருந்து 10 கேட்பார்கள், 6 சொன்னால் சரி. ஆங்கிலமும் வேண்டாம், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம்.

மூவரின் பட்டியலிலும் அதிபர் பெயரைக் கேட்பது போன்ற சில இடங்களில் விடை அச்சாகியிருக்காது. துறையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கும். எந்தப் பட்டியலைப் படிப்பது என்பதை விண்ணப்பித்த தேதி தீர்மானிக்கிறது. இந்தப் பெயர்களுக்கு அந்தத் தேதி செல்லாது. நேர்காணல் நாளில் நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர் பெயரைச் சொல்ல வேண்டும்.